எண்பது சதவீதம்

கமரே துறையில் இரவு பதினொன்று.
மடிக்கணினியில் பிஸ்கே விரிகுடா;
காற்றின் அம்புகள் எறும்புச்சாரையாய் ஊர்கின்றன.

விடியற்காலை நான்குக்குக் கிளம்பினால்
லா கொருன்யாவுக்கு ஐம்பத்தாறு மணி நேரம்
என்கிறது மென்பொருள்.
அதன் கணக்கில் படகின் அடியில் பாசி இல்லை,
யாரும் வாந்தி எடுப்பதில்லை,
கூல்வெனுக்கு இரண்டு கைகள்.

க்வெனோலா வேகத்தை எண்பது சதவீதமாக்கி
மறுபடி ஓட்டுகிறாள்.
சிவப்புக் கோடு தயங்கி, மேற்கே வளைந்து,
ஒர்தெகால் முனைக்கு முன்னால்
புயலின் வாயில் போய் விழுகிறது.

இன்னொரு முறை. எழுபத்தைந்து.
கோடே வரவில்லை.

படுக்கையில் அவன்,
கட்டுப்போட்ட மணிக்கட்டைத் தலையணைமேல் ஏற்றிவைத்து,
"என்ன சொல்லுது?" என்கிறான்.

அவள் எண்ணை அழித்துவிட்டு மூடுகிறாள்.
"காத்து சரியில்ல.
வியாழக்கிழமை பாக்கலாம்."

வெளியே
பாய்மரங்களில் ஒரு கயிறுகூடத் தட்டவில்லை.