ஜெராக்ஸ் கடையில் தவக்காலம்

சாம்பல் புதனன்று
எபூபே கோலா குடிப்பதை விட்டாள்.
தம்பி கம்சி பந்தயம் கட்டுவதை விட்டான்,
வியாழக்கிழமை மறுபடி பிடித்துக்கொண்டான்.
நான் வரைவதை விட்டேன்.

பால்பாயிண்ட் பேனா பதினொன்று,
நீலம் எட்டு, கறுப்பு மூன்று,
ரப்பர் பேண்ட் போட்டு அரிசி டின்னுக்குள் புதைத்தேன்,
ஈஸ்டர் வரைக்கும் உயிர்க்காதீர்கள் என்று சொல்லி.

எனுகுவில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே
எனக்கு வேலை.
காலை ஏழரைக்கு ஜெனரேட்டர் இருமத் தொடங்கும்.
பிறப்புச் சான்றிதழ், சட்டப் படிப்புக் குறிப்புகள்,
இரங்கல் நோட்டீஸ் நூறு பிரதி.
மெஷின் நாளெல்லாம் முகங்களைப் பெற்றுப் போடுகிறது,
அதற்கு நோன்பு கிடையாது.
மூடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஒரு முறை போய்வரும்
பார்வையில்லாதவர் கையால் முகம் தடவிப் பார்ப்பது போல.
நான் பக்கம் எண்ணிக் காசு வாங்குகிறேன்.

விட்ட பிறகுதான் தெரிந்தது
இந்தக் கண்ணுக்கு எவ்வளவு பசி என்று.
ஓக்பா விற்பவளின் கழுத்தில் மூன்று மடிப்பு.
பாடகர் குழுவில் முன்வரிசை உகோன்னாவுக்குக்
காதின் பின்னால் கமா போல ஒரு தழும்பு,
அதற்கப்புறம் ஏதோ சொல்ல வருகிற மாதிரி.
திருப்பலியில் அப்பம் உயர்ந்தபோது
எல்லோரும் அப்பத்தைப் பார்த்தார்கள்.
நான் அதைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்தேன்.
நகத்தருகே சின்ன வெட்டு. வெங்காயம் நறுக்கினாரோ என்னவோ.
இது ஆராதனையா, திருட்டா?

"ஞாயிற்றுக்கிழமை நாற்பதில் சேராதடி,
வரைந்துகொள்" என்றாள் எபூபே.
தெரியும்.
பக்தியால் அல்ல, வீம்பால் மறுத்தேன்.
வீம்பையே விட்டிருக்கலாம்; அடுத்த வருஷம் பார்ப்போம்.

மூன்றாம் வெள்ளி, சிலுவைப்பாதை.
கரண்ட் போய்விட்டது. ஆறாம் தலத்தில் செல்போன் வெளிச்சம்.
வெரோனிக்கா துணியை நீட்டுகிறாள்.
மை இல்லை, பேனா இல்லை,
அளவு பார்க்க ஒற்றைக் கண்ணை மூடவும் இல்லை.
முகம் துடைக்கத்தான் போனாள்.
முழந்தாளிட்டபடி நினைத்தேன்:
உலகத்தின் முதல் ஜெராக்ஸ்.
சிரிப்பை மறைக்க இருமினேன்.
சிரிப்பு போன பிறகும் தொண்டையில் ஏதோ நின்றது.
இத்தனை முகம் வரைந்திருக்கிறேன்,
ஒன்றையாவது துடைத்திருக்கிறேனா?

அன்றிரவு ஒக்பெட்டே சந்தையில் ஒரு பஸ்.
பின்கண்ணாடி முழுக்க ஹர்மட்டான் புழுதி.
நான் போகவில்லை, விரல் போனது.
திறந்த ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள் ஒருத்தி:
நெற்றி, வாய் பிளந்திருந்த விதம், மடியில் தக்காளிக் கூடை.
ஏழெட்டுக் கோடு. பஸ் கிளம்பிவிட்டது.
தன் முகம் தனக்குப் பின்னால் வருவது தெரியாமல்
தூங்கிக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
புதிதாக வந்த ஃபாதருக்கு ஜலதோஷம்,
தட்டிக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார்.
"நோன்பை முறித்துவிட்டேன். வரைந்தேன்."
"எதை?"
"தூங்குகிற ஒரு பெண்ணை. பஸ் கண்ணாடியில்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அவளைப் போலவே இருந்ததா?"
இதற்கு நான் பதில் தயாரித்திருக்கவில்லை.
"வாய் வந்தது, ஃபாதர். கை சரியாக வரவில்லை."
"ஓர் அருள்நிறைந்த மரியே சொல்" என்று தும்மினார்.
ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்றேன் நான்,
இடம் மாறிப்போய்.

திங்களன்று முதல் மழை.
தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை.
ஊரில் ஓடும் எல்லா பஸ்ஸும் கழுவின தட்டு மாதிரி.
எங்கேயோ அவளும் கரைந்திருப்பாள், கூடையோடு.

நனைந்த மாணவன் ஒருவன் கடைக்குள் ஓடிவந்தான்.
மெஷின் துடைக்கிற துண்டை நீட்டினேன்.
முகத்தை அழுத்தித் துடைத்துத் திருப்பித் தந்தான்.
யாரும் பார்க்காதபோது விரித்துப் பார்த்தேன்.
தண்ணீர். கொஞ்சம் செம்மண்.
மடித்து வைத்தேன்.

எட்டு பிரதி, என்றான்.
இரண்டு பக்கமும்.