மூணாவது கியர்

மூணாவது நழுவும்.
பள்ளத்தூர் ரோட்டில் ஆறாயிரம் லிட்டர் தண்ணியோடு
ரயில்வே கேட் மேட்டில் ஏறும்போது
"பிடி" என்பார்.
கிளீனர் சீட்டிலிருந்து நான்
குச்சியை இரண்டு கையாலும் அழுத்திக்கொள்வேன்.
நாலு வருஷமாய் எனக்கு இதுதான் உத்தியோகம்.

கழனிவாசல் பட்டறையில்
சாக்கை விரித்து ஜபருல்லா காட்டியது இரண்டு.
ஒன்று, உடைத்த பஸ்ஸில் கழற்றிய நம்ம ரகமே.
முப்பத்தெட்டாயிரம். பல் சுத்தம்,
கூட்டில் மட்டும் ஒரு வெல்டிங் தழும்பு.
இன்னொன்று ஆட்டோமேட்டிக்,
பெங்களூரில் குப்பை அள்ளிய வண்டியுடையது.
விலையைச் சொல்லுமுன் டீ வாங்கிக் கொடுத்தான்.
"சாஃப்டை நாலு விரல் வெட்டணும்க்கா,
ஆயில் கூலர் தனி. மக்கர் பண்ணினா
திருச்சிக்கு இந்தப் பக்கம் பிரிக்க ஆளில்லை."

சவரிமுத்து பேசவில்லை.
குந்தி உட்கார்ந்து
வெல்டிங்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவர்
எழுந்திருக்க டயரைப் பிடிக்க வேண்டியிருந்தது.
இடது முட்டி.
ராத்திரி நான் தைலம் தேய்க்கையில்
தூக்கத்திலும் அந்தக் கால்
கிளட்சை மிதிக்கும்.

"கூலரையும் சேர்த்துப் போடு" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்தார்.
கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

முதல் லோடு.
கேட் மேட்டில் அவர் இடது கால்
இல்லாத கிளட்சை மிதித்தது.
என் கை இல்லாத மூணைப் பிடித்தது.
வண்டி எங்களைக் கேட்காமல் ஏறியது.

பின்னால் தண்ணி ஒருதரம் முட்டிவிட்டுச்
சும்மா இருந்தது.
பதினோரு தவணை பாக்கி.