நீலமாகாத பொடி

கீழக்கரைக் காற்றைப் பிழிந்தால்
ஒரு சொம்புத் தண்ணீர் வரும்.
தெரிந்துதான் இந்த அறையைப் பிடித்தேன்.
ஜன்னலை மெழுகால் அடைத்தேன்,
கதவிடுக்கில் கிழிந்த சைக்கிள் டியூப்
ஆணியடித்து வைத்தேன்.
இருந்தும் இரவு பதினொரு மணிக்குக்
கொண்டல் உள்ளே வந்து
தராசுத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது,
எடை காட்டாமல்.

மேசைமேல் காய்ந்த கடல்குதிரை.
சாக்கில் பிடிபட்ட முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று,
வனத்துறை எழுதி வாங்கிக்கொண்டு தந்த இரவல்.
"வியாழக்கிழமை எல்லாத்தையும் எரிச்சிருவோம்.
அதுக்குள்ள கண்ணாடியில எடுத்துக் குடுங்க,
புதுசா வர்ற காவலருக்குக் காட்டணும்"
என்றார் பூபாலன்.
உடம்பு சாம்பலுக்கு, வெளிச்சம் அலுவலகத்துக்கு.

லேசர் தன் வேலையை
நாலு நிமிடத்தில் முடித்தது.
மிச்சமெல்லாம் தண்ணீரோடு வழக்கு.
ஜெலட்டின் முதலில் குடித்து உப்ப வேண்டும்,
குடித்ததைப் பிறகு
ஒரு சொட்டு விடாமல் கக்க வேண்டும்.
பாதி ஆல்கஹால், முக்கால் ஆல்கஹால்,
கடைசித் தொட்டியில் முழு ஆல்கஹால், சுடச்சுட.
அதில் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருந்தாலும்
குதிரை வராது.
புரை விழுந்த கண் ஒன்று
உள்ளங்கையில் கிடக்கும்.

அப்படி மூன்று தட்டு வெளுத்தது.

மதுரைக்குப் போன் போட்டு
மாசானத்தைப் பிடித்துக் கத்தினேன்:
பால்காரன்கூட இப்படிக் கலக்க மாட்டான்.
அவர் கோபப்படவில்லை.
"கேனை எத்தனை தடவை தொறந்தீங்க?"

ஒன்று, வாசனை பார்க்க.
இரண்டு, ஊற்ற.
மூன்று, ஜெனரேட்டர் நின்றபோது
டார்ச் தேடி ஓடினேன்,
மூடி என் சட்டைப்பையில் இருந்தது
ஒரு மணி நேரம்.
போனை வைத்துவிட்டேன்.

மயில்துத்தத்தை வறுத்தால் சாம்பல்போல் வெளுக்கும்.
ஒரு சிட்டிகை போட்டேன்.
கேன் தன் குற்றத்தை
நீல மையில் எழுதிக் கொடுத்தது.
குற்றம் கேனுடையது அல்ல.

புது கேன் வர மூன்று நாள்.
இருப்பது கழிவுத் தொட்டிகளின் மிச்சம்,
பாதிக்குப் பாதி தண்ணீர்.
வாலிநோக்கம் அளத்திலிருந்து
ரொசாரியோ பைக்கில் கொண்டுவந்தான் ஐந்து கிலோ உப்பு.
அதுவும் பிசுபிசுவென்று வேர்த்திருந்தது.
இரும்புச் சட்டியில்
வெடிக்கிற வரை வறுத்தேன்.
கொட்டிக் குலுக்கி வைத்ததும்
ஜாடிக்குள் ஒரு கோடு விழுந்தது:
உப்பு கூப்பிட்ட தண்ணீர் கீழே,
கூப்பிடாதது மேலே.
கடலைக் கொண்டே கடலை விரட்டினேன்
என்று ரொசாரியோவிடம் பெருமை பேசினேன்.
"அக்கா, இன்னும் பத்துல ஒண்ணு தண்ணிதானே?"
படித்த பையன்.

மீதிக்குச் சல்லடை மணிகள்.
அடுப்பில் சுட்டு, மூடி ஆறவைத்து,
ஆல்கஹாலில் போட்டு ஒரு ராத்திரி.
மறுநாள் பழசை எடுத்துவிட்டு
இன்னொரு கை.
புதன் மாலை ஒரு சிட்டிகைப் பொடி போட்டேன்.
வெள்ளை.
பத்து எண்ணினேன். வெள்ளை.
ரொசாரியோவை எண்ணச் சொன்னேன். வெள்ளை.

தீ ஆகாது. சுடுநீர்த் தொட்டிக்குள்
கிண்ணத்தை இறக்கிச் சூடாக்கினேன்.
தட்டு முங்கி எழுந்தது.
விளக்கைச் சாய்த்ததும்
கண்ணாடிக்கு இரண்டு விரல் பின்னால்
பச்சையாய் நின்றது,
வால் சுருண்டு, முள் முள்ளாய்,
காய்ந்ததில் நான் பார்க்காத
கழுத்துக் கோணலோடு.

ஓரத்துப் பசையைச் சுரண்டி
மேலே இன்னொரு கண்ணாடி,
சுற்றிலும் எபாக்ஸி.
கை நடுங்கியது வேகத்தால்தான்.

இரண்டாவது தட்டை மூடாமல் வைத்திருந்தேன்.
விடிகாலை, தூக்கம் வராமல்,
அதன்மேல் மெல்ல ஊதினேன்.
பச்சை மஞ்சளாகி, சிவந்து,
குதிரை என் மூச்சுக்குள்ளேயே
கரைந்து போனது.

எட்டு மணிக்குப் பூபாலன் வந்தார்.
ரசீதில் "கடல்குதிரை, 1" என்று எழுதி
எரிக்கவேண்டியதை
டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டார்.
கண்ணாடிக்கு ரசீதில் இடம் இல்லை.
"இதை என்னன்னு எழுதட்டும்?" என்றார்.

யோசித்துக்கொண்டே மேசையைத் துடைத்தேன்.
கரண்டியில் மிஞ்சிய பொடி
யாரும் தொடாமலே
நீலமாகிக்கொண்டிருந்தது.