ஆப்ரிகாட் வேண்டாம்

கால் மாத்திரை என்று காகிதத்தில் எழுதுவது எளிது.
கத்திக்கு அந்தக் கணக்கு தெரியாது.
நரின் நகரத்து ஆஸ்பத்திரி மருந்தறையில்
ஒன்பது குளிர்காலம் வெட்டினேன்.
ஒரு துண்டு பெரிது, ஒன்று சிறிது,
நாலாவது எப்போதும் தூள்.
அந்தத் தூளை எந்தப் பிள்ளையின் கணக்கில் எழுதுவது?
வளர்ந்தவர்களின் நெஞ்சுக்கூட்டுக்காகச் செய்த மருந்து.
பதிமூன்று கிலோ எர்மெக்குக்கு
யாரும் எதுவும் செய்திருக்கவில்லை.

அவன் அம்மா சிர்கா கெட்டிக்காரி.
ஏரிக்கரையிலிருந்து தங்கை அனுப்பிய ஆப்ரிகாட் ஜாமில்
எல்லாத் துண்டுகளையும் நசுக்கிக் குழைத்து
"வாயைத் திற, குதிரை வருது" என்பாள்.
முதல் வாரம் குதிரை உள்ளே போனது.
இரண்டாம் வாரம் வாசலில் நின்றது.
மூன்றாம் வாரம் அவன் பற்களைப் பூட்டிக்கொண்டான்.
மூக்கைப் பிடித்தாள். அழுதாள்.
அடித்தேன் என்று ஒருநாள் சொன்னாள்,
என் முகத்தைப் பார்க்காமல்
மாத்திரை அட்டையைப் பார்த்து.

பிறகு பிள்ளை சமர்த்தாகிவிட்டான்.
நசுக்க வேண்டாம் என்றான். ஜாம் தடவிய துண்டுகளைத்
தானே வாங்கித் தானே வாயில் போட்டுக்கொண்டான்.
நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம்.
பனி உருகியதும்
ஷிர்தக் விரிப்பை வெளியே போட்டுத் தட்டினாள்.
உதிர்ந்தன பதினொரு துண்டுகள்,
ஜாம் காய்ந்து பொன்னிறமாய், எறும்பும் தொடாமல்.

நான் திட்டவில்லை.
ஒன்றை எடுத்து என் நாக்கில் வைத்தேன்,
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக.
கசப்பு என்று சொல்லிவிட முடியாது அதை.
கசப்புக்கு ஒரு முடிவு உண்டு.
இது விழுங்கிய பின்னும்
தொண்டையில் உட்கார்ந்து காலாட்டியது.
மத்தியான ரொட்டியில் இருந்தது. தேநீரில் இருந்தது.
மாலைப் பேருந்தில் யாரோ நலம் கேட்க
நான் சொன்ன பதிலிலும் இருந்தது.

அடுத்த ஆண்டு ஒரு கடிதம் வந்தது.
எங்கோ தொலைவில் ஓர் ஆய்வகம்.
தண்ணீரில் போட்டால் தானே கரையும் மாத்திரை
செய்கிறார்களாம், பிள்ளையின் எடைக்கு ஏற்றபடி.
கத்தி வேண்டாம், ஜாம் வேண்டாம்.
கேள்விகள் அனுப்பியிருந்தார்கள்.
உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி? கரண்டி எவ்வளவு பெரிது?
கடைசியாக:
உங்கள் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த சுவை எது?

அம்மாக்களைக் கேட்டேன், பதினேழு பேர்.
பதினைந்து பேர் ஆப்ரிகாட் என்றார்கள்.
ஒருத்தி தேன் என்றாள்.
சிர்கா ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர்: கொதிக்க வைத்தது, விறகு இருந்தால்.
கரண்டி: வீட்டுக்கு வீடு வேறு.
சுவை என்ற கட்டத்தில் எழுதினேன்:
எங்கள் பிள்ளைகள் அறியாத எதையாவது போடுங்கள்.
இங்கே எந்த மரத்திலும் காய்க்காத ஒன்று.
ஆறு மாதம் தினமும் குடித்துவிட்டுப்
பிறகு ஆயுசுக்கும் வெறுத்தாலும்
அவர்களுக்கு நட்டமில்லாத ஒன்று.
ஆப்ரிகாட் மட்டும் வேண்டாம்.
அதை விட்டுவையுங்கள்.
கட்டம் போதவில்லை. ஓரத்தில் சாய்த்து எழுதி முடித்தேன்.

மாத்திரை வந்தது. மாம்பழச் சுவை என்றது பெட்டி.
போட்டதும் நுரைக்காமல், சத்தமில்லாமல் கரைந்தது.
பிள்ளைகள் குடிக்கிறார்கள்.
முகம் சுளிக்கிறார்கள், கொஞ்சம்;
வாலில் இன்னும் பழைய கசப்பு இருக்கிறது.
ஆனால் விரிப்புக்கடியில் ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டேன்.

இதே பெட்டி வேறு நாடுகளுக்கும் போகிறதாம்.
எங்கோ ஒரு பிள்ளை, மாம்பழம் என்றால் உயிரை விடுபவள்,
இன்று காலை இதைக் குடித்திருப்பாள்.
அவளை நான் அந்தக் கட்டத்தில் எழுதவில்லை.

எர்மெக் பழைய கத்தியிலேயே பிழைத்தவன்.
இப்போது ஏழு வயது, இருபத்திமூன்று கிலோ,
நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை.
ஜூலையில் சித்தி வீட்டு மரத்தில்
எல்லோருக்கும் மேலே ஏறுகிறவன் அவன்தான்.
கிளையை உலுக்குகிறான். வாளி நிறைகிறது.
இறங்கி வந்து
சாறு வழியும் பத்து விரலையும்
கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறான்.