மெல்லினம்

கலியமூர்த்தி சாக்கைக் கவிழ்த்தார்.
வலை இழுக்கும் உருளை, மாட்டிப் பதினாலு மாதம்,
என் மேசையில் சொத்தென்று விழுந்தது.
நகம் வைத்தேன், இறங்கியது.
தேய்த்தேன்,
ஈரக் கருப்பட்டிபோல் உதிர்ந்தது.

"கெட்டியான சரக்குன்னு நீதானம்மா சொன்ன?"

பதிவேட்டில் இருக்கிறது: வார்ப்பு நாற்பத்தொன்று.
பாலியெஸ்டர், மூலக்கூறு எடை ஆயிரம்,
இழுவலிமை நாற்பத்தாறு.
கீழே என் கையெழுத்து,
கொஞ்சம் பெருமையாகவே சாய்ந்திருக்கிறது.

பாலியூரித்தேன் சங்கிலி
ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகியதுதான்:
ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப.
வல்லினம் வல்லினத்தைப் பற்றி உருவம் காக்கும்.
மெல்லினம் நீண்டு கொடுக்கும், திரும்பி வரும்.
வாங்க வருகிறவர் எல்லாரும்
வல்லினத்தைத்தான் விசாரிக்கிறார்கள்.
நானும்தான்.

எஸ்டர் டீசலுக்கு அஞ்சாது.
கிரீசுக்கு அஞ்சாது.
கயிறு அறுத்த தழும்போடும் சுழலும்.
முதுநகர்த் துறைமுகத்தில் தண்ணீர் இருந்தது,
அவ்வளவுதான்.
அது அவசரப்படவில்லை.
ஒரு முடிச்சை அவிழ்த்தது;
அவிழ்ந்த இடத்தில் பிறந்த அமிலம்
அடுத்த முடிச்சுக்குக் கத்தி தீட்டியது.

சிப்காட்டில் அந்த ஐப்பசி முழுக்க
மாதிரி அலமாரியின் சிலிக்கா குருணை
நீலம் போய் இளஞ்சிவப்பாகக் கிடந்தது.
தினமும் அதைத் தாண்டித்தான்
டீ குடிக்கப் போனேன்.

இப்போது ஈதரில் வார்த்தேன், எடை இரண்டாயிரம்.
அதே ஐசோசயனேட், அதே பியூட்டேன்டயால்,
நூற்றுப் பத்து டிகிரியில் பதினாறு மணி நேரம்.
இழுத்தால் முப்பத்தொன்றில் அறுந்தது.
"குறையுதே" என்றார் முதலாளி ஞானசம்பந்தம்,
"டிரம்முக்கு விலையும் கூட."
இரும்புக் குண்டைப் போட்டுக் காட்டினேன்.
பழையதைவிட நாலு விரற்கடை கூடுதலாக எழுந்தது.
அவர் பார்க்கவில்லை, போன் வந்துவிட்டது.

எழுபது டிகிரித் தண்ணீரில்
இரண்டு பட்டைகளும் மூன்று வாரம்.
தீபாவளிக்கு மறுநாள் எடுத்து இழுத்தேன்.
எஸ்டர், ஒன்பது.
ஈதர், இருபத்தெட்டு.
இயந்திரத்தின் விசிறிச் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம்.

புது உருளையை டி.வி.எஸ். கேரியரில் கட்டினார் கலியமூர்த்தி.
கட்டைவிரலால் அழுத்தி,
"இது மெத்துனு இருக்கேம்மா" என்றார் சந்தேகத்தோடு.
குடிகாடு வேகத்தடையில் அது ஒருமுறை துள்ளியது,
கயிறு பிடித்துக்கொண்டது.
கூடுதல் ஆயிரத்து நூறு ரூபாய்
இன்னும் வரவில்லை.

வார்ப்பு நாற்பத்தொன்றை நான் அடிக்கவில்லை.
என் கையெழுத்துக்குக் கீழே
சிவப்பு மையில் ஒரு வரி:
ஈரத்தில் சோதிக்கவில்லை.