மின்வெட்டுக்கு இரண்டு நிமிடம் முன்

வெஸ்ட்வில் ஆய்வுக்கூடம். ஞாயிறு இரவு.
தட்டில் நான்கு மில்லி கரைசல்.
ரஸ்டன்பர்க் சுரங்கத்தில்
பிளாட்டினம் போக மிஞ்சியது இந்த ருத்தேனியம்.
நிமிடத்துக்கொரு முறை பச்சை,
மறுபடி ஆரஞ்சு.

நீல விளக்கைத் திருப்பினேன்.
அலை நின்றது. ஒரே ஆரஞ்சு.
"அடக்கினேன், 9.58"
என்று நோட்டில் எழுதினேன்.

பத்துக்குப் போனது கரண்ட்.
டர்பனே இருட்டு.
கீழே பூவேந்திரன் ஹாரன் அடிக்கிறான்.

டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிப் பார்த்தேன்:
ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி
(சிவப்பில் பச்சை கறுப்புதான்),
அப்புறம் வளையம்,
அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று.

"அடக்கினேன்" என்பதை அடித்தேன்.
மேலே எழுத
வேறு சொல் வரவில்லை.

மறுபடி ஹாரன்.
இருடா,
இன்னும் இரண்டு வளையம்.