பிழைப் பட்டியல்

மிர்வா அனுப்பிய விளையாட்டில் படமே இல்லை.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
துடித்துக்கொண்டிருக்கும் ஒரு கோடு.
"ஆடிப் பார், தைனா. ஓடாததையெல்லாம் எழுதி அனுப்பு."
அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

ஔலுவில் பிற்பகல் மூன்றுக்கே இருட்டும் மாதம்.
காபியோடு உட்கார்ந்தேன்.

*நீ சமையலறையில் இருக்கிறாய்.
மேசையில் ரை ரொட்டி, ஒரு தட்டு.
வெளிவாசலில் அவன் பூட்ஸிலிருந்து
பனியை உதறும் சத்தம்.
என்ன செய்கிறாய்?*

தட்டைக் கழுவு என்றேன்.
*கழுவியதுதான். மறுபடி கழுவுகிறாய்.*
சிரி என்றேன்.
*எதற்குச் சிரிப்பு என்கிறான்.*
சிரிக்காதே என்றேன்.
*மூஞ்சியை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்கிறான்.*

குறித்துக்கொண்டேன்.
பிழை ஒன்று: எதை அடித்தாலும் அதே அறை.
பிழை நான்கு: கதவைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, கதவு திறக்கவில்லை.
பிழை ஏழு: மற்ற கட்டளையில் ஓரெழுத்து தவறினாலும் 'புரியவில்லை' என்கிறது;
'மண்ணிப்புக் கேள்' என்று அடித்தால் மட்டும் உடனே புரிந்துகொள்கிறது.
பிழை ஒன்பது: ஞாயிறு காலை அவன் பான்கேக் சுடுகிறான்,
சனி இரவு சேமித்து வைத்தது அழிந்துபோகிறது.

கடைசியாகத்தான் அடித்தேன்,
அக்காவைக் கூப்பிடு.

*தைனா எடுக்கிறாள். அங்கே டிவியில் ஐஸ் ஹாக்கி, ஒரே கூச்சல்.
ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்கிறாய்.
சரி, அப்புறம் பேசலாம் என்கிறாள்.*

திரும்ப அடித்தேன். அப்புறம் பேசலாம்.
திரும்ப. அப்புறம் பேசலாம்.
வேறு வசனமே எனக்கு எழுதவில்லை அவள்.

அது அரையிறுதி.
மூன்றாம் கோல் யார் தடியிலிருந்து போனதென்று
இன்றும் சொல்வேன்.
அந்த அழைப்புதான் நினைவில்லை.

பட்டியலை அனுப்பினேன். இரவே பதில்.
"ஒன்று, ஏழு, ஒன்பது பிழையல்ல. அப்படித்தான் இருந்தது.
நான்கு: கதவு திறக்கும். வெறுங்கையோடு போகாதே."

ஓர் இரவு முழுக்க எதையெதையோ எடுத்துப் பார்த்தேன்.
விடியும்போது, குப்பைப் பையை எடு.

*எங்கே என்கிறான். குப்பை என்கிறாய்.
போ என்கிறான், திரும்பிப் பார்க்காமல்.
பையில் உருளைத்தோல், அதனடியில் பாஸ்போர்ட்,
ஒரு ஜோடி காலுறை.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
என்ன செய்கிறாய்?*

அவள் பதிலில் இன்னொரு வரியும் இருந்தது:
"அழைப்பைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே."

பிழை பதினொன்று என்று அடித்தேன்.
அடுத்து 'மன்னி' வரை வந்து,
அந்த வீட்டில் இதை எத்தனை முறை அடித்திருப்பாள் என்று
அழித்தேன்.

கீழே போய்
கார் எஞ்சினைச் சூடாக்கும் கம்பியைச் செருகிவிட்டு வந்தேன்.
ரோவனியெமிக்கு மூன்று மணி நேரம்.